வெளிச்சம் வேண்டும், வெயில் வேண்டாம்: டெல்டா வீடுகளுக்குப் பகல் வெளிச்சத்தைக் கணினியில் பார்ப்பது பற்றிய கேள்வி பதில்கள்

கும்பகோணத்தில் கட்டட வடிவமைப்பு வேலை செய்கிறேன். ஒரு வீட்டிலோ பள்ளியிலோ தறிக்கூடத்திலோ பகலில் எவ்வளவு வெளிச்சம் கிடைக்கும் என்பதைச் சுவர் எழும்புவதற்கு முன்பே கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பதும் அதில் சேர்ந்தது. தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கமிருந்து வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஜன்னலைப் பெரிதாக வைத்தால் வெளிச்சம் தானாக வரப்போகிறது. இதற்குக் கணினி எதற்கு?

பெரிய ஜன்னல் வழியாக வெளிச்சமும் வரும், வெயிலும் வரும். நம் ஊரில் இரண்டும் வேறு வேறு. ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கிறோம். படிப்பதற்கு 300 லக்ஸ் வெளிச்சம் போதும். உச்சி வெயில் நேராக விழும் இடத்தில் ஒரு லட்சம் லக்ஸ் இருக்கும். அந்த வெயில் மேசையில் ஒரு கட்டமாக விழுந்தால் யாரும் அங்கே உட்கார மாட்டார்கள். ஜன்னலைச் சாத்துவார்கள், அல்லது கனமான திரை போடுவார்கள். அப்புறம் காலை பத்து மணிக்கே டியூப்லைட் எரியும். பெரிய ஜன்னல் வைத்த எத்தனையோ வீடுகளில் இதுதான் நடக்கிறது.

நம் நாட்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, ஈரப்பதமும் வெப்பமும் சேர்ந்த பகுதிகளில் அறையின் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறப்பு வேண்டும் என்கிறது. நல்ல விதிதான். ஆனால் அந்தத் திறப்புக்கு மூன்றடி தள்ளிப் பக்கத்து வீட்டுச் சுவர் நிற்கிறதா, அறை எவ்வளவு ஆழம், மேலே சன்ஷேட் எவ்வளவு நீட்டியிருக்கிறது என்பதெல்லாம் அந்தக் கணக்கில் இல்லை. கும்பகோணத்துப் பழைய தெருக்களில் பதினைந்தடி அகலம், எண்பதடி நீளம் என்று மனை இருக்கும். இரண்டு பக்கமும் பொதுச்சுவர். அங்கே ஆறில் ஒரு பங்கை எந்தப் பக்கம் திறப்பது? இந்த மாதிரி இடத்தில்தான் கணக்குப் போட்டுப் பார்ப்பது உதவுகிறது.

கணினி உள்ளே என்னதான் செய்கிறது?

வீட்டின் முப்பரிமாண மாதிரியை வரைந்து கொடுக்கிறோம். ஒவ்வொரு பரப்புக்கும் அது தன்மேல் விழும் ஒளியில் எவ்வளவைத் திருப்பி அனுப்பும் என்று ஓர் எண் கொடுக்கிறோம். புதிதாக அடித்த வெள்ளைச் சுண்ணாம்பு ஏறக்குறைய 80 சதவீதத்தைத் திருப்பும். சிவப்பு ரெட் ஆக்சைடு தரையும் பழைய தேக்கு உத்தரமும் அதில் கால் பங்குகூடத் திருப்பாது. சாதாரணக் கண்ணாடி தன்மேல் படும் ஒளியில் 88 சதவீதம் வரை உள்ளே விடும்.

இந்தத் துறையில் பெரும்பாலோர் நம்பும் கணக்கீட்டுக் கருவி ரேடியன்ஸ். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் 1980களில் கிரெக் வார்ட் எழுதியது. அது ஒளியைப் பின்னோக்கித் தேடும். சூரியனிலிருந்து கிளம்பும் கோடானு கோடிக் கதிர்களைத் துரத்தினால் வேலை முடியாது. அதனால் நீங்கள் வெளிச்சம் அறிய விரும்பும் புள்ளியிலிருந்து கதிர்களை அனுப்பி, அவை சுவரில் பட்டு, தரையில் பட்டு, கடைசியில் வானத்தையோ சூரியனையோ எட்டுகின்றனவா என்று பார்க்கும்.

ஒரு நாள், ஒரு மணி நேரம் மட்டும் பார்த்தால் போதாது. வருடத்தின் 8,760 மணி நேரத்தையும் தனித்தனியாகக் கணக்கிட்டால் நாட்கணக்கில் ஓடும். அதற்குப் பீட்டர் டிரெகென்சா என்ற ஆய்வாளர் 1980களில் சொன்ன வழி கைகொடுக்கிறது. வானத்தை 145 துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலிருந்தும் அந்தப் புள்ளிக்கு எவ்வளவு ஒளி வரும் என்று ஒரே ஒரு முறை கணக்கிட்டு வைத்துக்கொள்வது. பிறகு ஒவ்வொரு மணிக்கும் அந்தத் துண்டு எவ்வளவு பிரகாசம் என்பதை மட்டும் பெருக்கிக் கூட்டினால் சரி.

எந்த மென்பொருளில் தொடங்கலாம்? காசு கொடுக்க வேண்டுமா?

ரேடியன்ஸ் இலவசம். ஆனால் அது கட்டளைகளைத் தட்டச்சு செய்து ஓட்டுவது, புதியவர்களுக்குச் சிரமம். ரைனோ என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளும் அதற்குள் ஓடும் கிராஸ்ஹாப்பரும் தெரிந்தவர்கள் லேடிபக், ஹனிபீ என்ற இலவசத் துணைக் கருவிகளை அதற்குள் போட்டுக்கொள்ளலாம். அவை பின்னால் ரேடியன்ஸைத்தான் ஓட்டுகின்றன. ரைனோவுக்குப் பணம் கட்ட வேண்டும். மாணவர்கள் வீலக்ஸ் நிறுவனத்தின் டேலைட் விஷுவலைசரிலோ டயலக்ஸிலோ தொடங்கலாம். இரண்டும் இலவசம், ஓர் அறையைப் பற்றிய உணர்வு வர அது போதும்.

நம் ஊர் வானிலைத் தகவல் கிடைக்குமா?

கிடைக்கும். திருச்சிக்கான ஒரு வருட வானிலைக் கோப்பு இணையத்தில் இலவசமாக இருக்கிறது. தஞ்சாவூர், கும்பகோணத்துக்கு அதையே பயன்படுத்துகிறேன். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடற்கரை ஊர்களில் வானம் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். ஆனாலும் சுவர் நிறத்தைத் தவறாகக் கொடுப்பதால் வரும் பிழையோடு பார்த்தால் அது சின்னது.

வடக்குப் பக்கம் வெயிலே வராது, அதனால் வடக்கில் தாராளமாகத் திறக்கலாம் என்கிறார்களே?

இது குளிர்நாட்டுப் புத்தகங்களிலிருந்து வந்த பேச்சு. தஞ்சாவூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பதினொரு பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் தலைக்கு மேலே வந்துவிடும். அங்கிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை நான்கு மாதம் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஜூன் 21 அன்று உதிக்கும் இடமே சரியான கிழக்கிலிருந்து 24 பாகை வடக்கே தள்ளியிருக்கும்.

கும்பகோணம் நாகேஸ்வரன் கோயிலில் சித்திரை 11, 12, 13 தேதிகளில் காலைக் கதிர் கருவறை வரை போவதைப் பார்க்கக் கூட்டம் கூடும். சூரியன் உதிக்கும் இடம் நாளுக்கு நாள் நகர்வதால்தான் அந்தக் கதிருக்குக் குறிப்பிட்ட சில நாட்கள் மட்டும் வாய்க்கிறது. உங்கள் வீட்டு ஜன்னலுக்கும் அப்படிப்பட்ட தேதிகள் உண்டு. கணினி அந்தத் தேதிகளைச் சொல்லிவிடும்.

திசைகளைப் பற்றி நான் சொல்வது இதுதான். தெற்கு ஜன்னல் நமக்கு நல்ல நண்பன். மார்கழியில் நண்பகல் சூரியன் 56 பாகை உயரத்தில் இருக்கும், அதனால் இரண்டடி சன்ஷேட் ஏறக்குறைய மூன்றடி உயரத்துக்கு நிழல் தரும். சன்ஷேட் இருந்தால் வடக்கு ஜன்னலுக்கு நண்பகலில் கவலையே இல்லை, சூரியன் வடக்கே நிற்கும் மாதங்களில் அது ஏறக்குறைய தலைக்கு மேலேதான் இருக்கும். வைகாசி, ஆனி மாதங்களில் காலையிலும் மாலையிலும் சாய்ந்து வரும் வெயிலைத் தடுக்கப் பக்கவாட்டில் ஒரு செங்குத்துப் பலகை வேண்டும். மேற்கு ஜன்னலை எந்தச் சன்ஷேட்டும் காப்பாற்றாது.

இன்னொரு சின்ன விஷயம். நம் ஊர் இந்திய நேரக் கோட்டுக்கு மேற்கே இருப்பதால் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, சராசரியாகப் பன்னிரண்டே கால் வாக்கில். மென்பொருளில் நேர மண்டலத்தைத் தவறாகக் கொடுத்துவிட்டால் நிழல் எல்லாம் இடம் மாறிவிடும். நேரில் ஒரு குச்சி நட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கணினி சொன்ன அளவும் நேரில் அளந்த அளவும் ஏன் ஒத்துப்போவதில்லை?

கணக்கீட்டு முறையில் கோளாறு இருப்பது அபூர்வம். ஜான் மார்டல்ஜெவிக் 1990களில் இங்கிலாந்தில் ஓர் உண்மையான அறையில் அளந்து ரேடியன்ஸ் கணக்கோடு ஒப்பிட்டார். இரண்டும் நன்றாகவே பொருந்தின. நாம் கொடுக்கும் எண்கள்தான் பெரும்பாலும் தப்பு.

திருபுவனம் பக்கம் ஒரு பட்டு நெசவாளர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஓட்டு வீடு, நடுவில் குழித்தறி. காலை பத்து மணிக்கு விளக்கை அணைக்கச் சொல்லி, தறியில் விரிந்திருந்த பாவின் (நீளவாக்கில் கட்டிய நூல்களின்) மேல் லக்ஸ் அளக்கும் மீட்டரை வைத்தேன். 60 லக்ஸ். அரக்குச் சிவப்பில் ஓர் இழை அறுந்திருந்தது. தறிக்காரர் அதைக் கண்ணால் தேடவில்லை, விரலால் தடவித்தான் கண்டுபிடித்தார். "வெளிச்சம் இருந்தா இவ்ளோ நேரம் ஆகாது தம்பி" என்றார்.

என் கணினி மாதிரி அதே இடத்துக்கு 140 லக்ஸ் என்றது. இரண்டு மடங்குக்கு மேல். தேடிப் பார்த்ததில் மூன்று காரணங்கள் கிடைத்தன. சுவரின் பிரதிபலிப்பை மென்பொருள் தானாகவே 50 சதவீதம் என்று வைத்திருந்தது. அந்தச் சுவரோ பல வருட அடுப்புப் புகையில் பழுத்த பச்சை. முற்றத்தின் மேல் குரங்குக்காகப் போட்டிருந்த கம்பி வலையை நான் வரையவே இல்லை, அதில் தென்னை ஓலைத் துணுக்கும் தூசியும் அப்பியிருந்தன. முக்கியமாக, அளக்கும் உயரம். மென்பொருள்கள் மேசை உயரத்தில், அதாவது முக்கால் மீட்டரில் வெளிச்சத்தைக் கணக்கிடும். குழித்தறியில் துணி தரையிலிருந்து ஒரு சாணுக்குச் சற்று மேலே இருக்கிறது. நம் வீடுகளில் பாதி வேலை தரையில் உட்கார்ந்து நடக்கிறது. சாப்பாடு, பூத் தொடுப்பது, பிள்ளைகள் படிப்பது எல்லாமே. அளக்கும் தளத்தை 30 சென்டிமீட்டருக்கு இறக்குங்கள். நம் பக்கத்து வீடுகளுக்கு இந்த ஒரு மாற்றம் எல்லாவற்றையும்விட முக்கியம் என்று நினைக்கிறேன்.

மூன்றையும் திருத்தியதும் மாதிரி 70க்குப் பக்கத்தில் வந்து நின்றது. அதற்கப்புறம்தான் அந்த மாதிரியை நம்பி அடுத்த கேள்வியைக் கேட்டேன்.

சுவரின் பிரதிபலிப்பை அளப்பது எளிது. சுவரில் மீட்டரை ஒட்டி வைத்து அதன்மேல் விழும் வெளிச்சத்தைக் குறியுங்கள். பிறகு மீட்டரைச் சுவரைப் பார்க்கத் திருப்பி, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, உங்கள் நிழல் விழாமல் குறியுங்கள். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் ஏறக்குறைய விடை கிடைக்கும். கைபேசிச் செயலியையும் இதற்குப் பயன்படுத்தலாம், ஏனென்றால் இங்கே தேவை விகிதம் மட்டுமே.

ஓட்டுக் கூரையில் நாலு கண்ணாடி ஓடு போட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

அந்தத் தறிக்காரரும் இதைத்தான் கேட்டார். கண்ணாடி ஓடு அருமையான பொருள், செலவும் குறைவு. போடும் இடம்தான் எல்லாமே. தறிக்கு நேர் மேலே போட்டால் வெயில் கட்டம் பாவின் மேல் விழும். பட்டின் சாயம் வெளுக்கும், ஜரிகை கண்ணைக் கூசும்.

வடக்குச் சரிவில் போட்டால் வெயில் வராது என்று கொத்தனார் சொன்னாராம். நம் அட்சரேகையில் அது நடக்காது. கூரைச் சரிவு 30 பாகை என்று வைத்துக்கொண்டாலும் மார்கழி நண்பகல் சூரியன் 56 பாகையில் இருக்கிறது, அதாவது வடக்குச் சரிவையும் மேலிருந்து பார்க்கிறது. வருடம் முழுக்க வெயில் இறங்கும். எங்கே இறங்குகிறது என்பதைத்தான் நாம் தீர்மானிக்க முடியும்.

கண்ணாடி ஓடு துணிக்கு நான்கு மீட்டர் மேலே இருக்கிறது என்று வையுங்கள். மார்கழி நண்பகலில் வெயில் கட்டம் ஓட்டுக்கு நேர் கீழே இருக்கும் புள்ளியிலிருந்து 2.7 மீட்டர் வடக்கே விழும். ஆனி மாதத்தில் 0.9 மீட்டர் தெற்கே விழும். ஆனி மாதக் காலை ஒன்பது, ஒன்பதரை மணிக்கு இன்னும் தெற்கே, ஒன்றரை மீட்டர் வரை வரும். ஆனால் அப்போது கட்டம் பக்கவாட்டிலும் வெகுதூரம் தள்ளிப் போவதால் ஒடுங்கிய வீட்டில் தரையைத் தொடுவதற்கு முன் மேற்குச் சுவரில் ஏறிவிடும். ஆக, ஓட்டைத் தறியின் வடக்கு விளிம்பிலிருந்து ஒன்றரை மீட்டருக்குச் சற்று அதிகமாக வடக்கே தள்ளி வைத்தால் வெயில் ஒரு நாளும் துணியைத் தொடாது. வானத்தின் வெளிச்சம் மட்டும் சாய்வாக வந்து சேரும்.

அப்படித்தான் செய்தோம். இரண்டு வரிசையாக ஆறு ஓடு, வெயில் விழும் பக்கச் சுவரில் மட்டும் புதிதாக வெள்ளைச் சுண்ணாம்பு. அந்தச் சுவரே பிறகு பெரிய விளக்கு மாதிரி வேலை செய்தது. அடுத்த முறை போனபோது அதே பத்து மணிக்குத் துணியின் மேல் 280 லக்ஸ் இருந்தது. ஜரிகைக் கரை நெய்யும்போது இப்போதும் மாலையில் விளக்குப் போடுகிறார். பகலில் போடுவதில்லை.

எத்தனை லக்ஸ் இருந்தால் நல்லது? அறிக்கையில் வரும் அந்த எழுத்துச் சுருக்கங்களுக்கு என்ன பொருள்?

பழைய அளவுகோல் பகல் வெளிச்சக் காரணி (DF). மேகம் மூடிய வானத்தில் வெளியே இருப்பதில் எத்தனை சதவீதம் உள்ளே வருகிறது என்பது. அது திசையைப் பார்க்காது. கிழக்கு ஜன்னலுக்கும் மேற்கு ஜன்னலுக்கும் ஒரே விடை சொல்லும். அதனால் நம் வீடுகளுக்கு அதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். நம் இந்தியத் தரவிதியான ஐ.எஸ். 2440 இந்தக் குறையை ஓரளவு யோசித்தது. மேகமில்லாத வானம், சூரியன் 15 பாகை உயரம், வெளியே 8,000 லக்ஸ் என்று வைத்துக் கணக்கிடச் சொல்கிறது. அதன்படி ஒரு சதவீதம் என்றால் 80 லக்ஸ்.

நான் பெரிதும் நம்புவது பயன்படு பகல் வெளிச்சம் (UDI) என்ற அளவை. அசா நபிலும் மார்டல்ஜெவிக்கும் 2005இல் முன்வைத்தார்கள். வருடத்தில் எத்தனை சதவீத நேரம் ஓர் இடத்தில் வெளிச்சம் 100 லக்ஸுக்கு மேலும் 2,000 லக்ஸுக்குக் கீழும் இருக்கிறது என்று பார்க்கும். மேல் எல்லையைப் பிறகு 3,000 என்று உயர்த்தினார்கள். இருட்டையும் வெயிலையும் ஒரே அளவுகோலில் தண்டிப்பதால் நம் ஊருக்கு இது பொருத்தம்.

அமெரிக்க முறையில் இரண்டு எண்கள் வரும். வேலை நேரத்தில் பாதிக்கு மேல் 300 லக்ஸ் கிடைக்கும் பரப்பு ஒன்று (sDA). வருடத்தில் 250 மணி நேரத்துக்கு மேல் நேர் வெயில் மட்டுமே 1,000 லக்ஸைத் தாண்டும் பரப்பு இன்னொன்று (ASE). இரண்டாவது எண்ணை முதலில் படியுங்கள்.

முற்றத்தை மூடி பாலிகார்பனேட் ஷீட் போட்டுவிட்டோம். இப்போது தாழ்வாரம் இருட்டாக இருக்கிறது. ஏன்?

புதிய ஷீட்டில் வெளிச்சம் கணிசமாக உள்ளே வரும். இரண்டு மழைக்காலம் கழித்துப் பாசியும் தூசியும் படிந்தபின் நிலைமை வேறு. கூடவே, பக்கத்து வீட்டில் மாடி எழுந்திருந்தால் முற்றம் ஒரு கிணறு மாதிரி ஆகிவிடும். கிணற்றின் அடியில் வெளிச்சம் எவ்வளவு என்பது சுவரின் நிறத்தைப் பொறுத்தது. மேலே இரண்டு சுவரையும் வெள்ளையடித்துப் பாருங்கள், செலவில்லாத முதல் வைத்தியம் அது. கணினியில் இதைச் சோதிக்கும்போது ஒளி சுவரில் பட்டுத் திரும்பும் எண்ணிக்கையைக் குறைந்தது ஆறு என்று வையுங்கள். முற்றத்திலிருந்து தாழ்வாரம், அங்கிருந்து கூடம், அங்கிருந்து உள் அறை என்று ஒளி பல முறை தாவித்தான் வருகிறது. இரண்டு என்று விட்டால் உள் அறை இருட்டு என்று பொய் சொல்லும்.

பள்ளி வகுப்பறைக்கு இதைச் செய்யலாமா?

கட்டாயம் செய்ய வேண்டும். வகுப்பறைக்கு 300 லக்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாக ஜன்னலின் மேல் விளிம்பு உயரத்தைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு தூரம் வரைதான் நல்ல வெளிச்சம் போகும். ஜன்னலின் மேல் விளிம்பு தரையிலிருந்து ஏழடியில் என்றால் பதினேழு அடிக்கு அப்பால் இருக்கும் பிள்ளைக்குக் கிடைப்பது மிச்சம் மீதிதான்.

ஆனால் எனக்கு உண்மையான கவலை வேறு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சாரல் அடிக்கிறது என்று ஜன்னலைச் சாத்துகிறோம். நம் பள்ளிகள் பலவற்றில் ஜன்னல் கதவு இரும்புத் தகடு அல்லது மரம். வானம் மிகவும் இருண்டிருக்கும் அதே மாதங்களில் ஜன்னலும் சுவராகிவிடுகிறது. கணினி மாதிரியோ எல்லா ஜன்னலும் வருடம் முழுக்கத் திறந்திருப்பதாக நினைத்துக்கொண்டு நல்ல மதிப்பெண் போடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கதவு சாத்தியதாக இன்னொரு மாதிரி ஓட்டிப் பாருங்கள். அப்போதுதான் மேலே தனியாக ஒன்றரை அடி கண்ணாடி வென்டிலேட்டர் ஏன் தேவை என்பது பள்ளி நிர்வாகத்துக்குப் புரியும். படத்தைக் காட்டினால் ஒப்புக்கொள்கிறார்கள்.

வயல், மரம், குளம் இவற்றையும் வரைய வேண்டுமா?

மரத்தை வரையுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. அதுவரை நிழலில் இருந்த மேற்கு ஜன்னல்கள் ஒரே இரவில் வெயிலுக்கு முன்னால் வந்தன. அதனால் மரத்தோடு ஒன்று, மரம் இல்லாமல் ஒன்று என்று இரண்டு முறை ஓட்டுகிறேன். மரம் இல்லாத கணக்கிலும் வீடு தாங்க வேண்டும்.

தரையின் பிரதிபலிப்பை மென்பொருள்கள் 20 சதவீதம் என்று வைக்கும். நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல் அப்படியில்லை. சூரியன் உயரத்தில் இருக்கும்போது நீர் குறைவாகத்தான் திருப்பும். சாயச் சாய ஒளி கண்ணாடி மாதிரி தெறிக்கும். மேற்கே வயல் பார்த்த வீடு ஒன்றில் மாலை ஐந்து மணிக்கு உத்தரத்தில் அலை அலையாக வெளிச்சம் ஆடியதைப் பார்த்திருக்கிறேன். சன்ஷேட் மேலிருந்து வரும் வெயிலைத் தடுக்கும், கீழிருந்து வருவதை எப்படித் தடுக்கும்? அந்த வீட்டில் ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு மட்டும் மரச் சட்டங்கள் அடித்தோம். பயிர் தழைந்து நீரை மூடியதும் இந்தத் தொல்லை தானாக அடங்கிவிடும், அடுத்த நடவு வரைக்கும்.

எவ்வளவு நாள் ஆகும்? கட்டி முடித்த வீட்டுக்கும் பார்க்கலாமா?

ஒரு சாதாரண வீட்டுக்கு மாதிரி வரைய ஒரு நாள், நேரில் அளக்க அரை நாள், கணக்கு ஓட ஓர் இரவு. கட்டிய வீட்டுக்குப் பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த வேலை, ஏனென்றால் அளந்து சரிபார்க்க முடியும். புதிய வீடு என்றால் அஸ்திவாரம் எழுவதற்கு முன் வாருங்கள். லிண்டல் போட்ட பிறகு ஜன்னலை நகர்த்த யாருக்கும் மனசு வராது. வரும்போது மனையின் வடக்கு எது என்பதைக் கைபேசித் திசைகாட்டியில் பார்த்து, பக்கத்து வீட்டுச் சுவர் உயரத்தையும் டேப் பிடித்துக் குறித்துக்கொண்டு வாருங்கள்.